அம்மாவைக் கட்சியிலிருந்து நீக்கிய வருஷம்

ஒன்றியக் கூட்டம் என்றதும் எனக்கு முதலில் ஞாபகம் வருவது மசால்வடை வாசனைதான்.

அப்போது நான் எட்டாம் வகுப்பு. அம்மா ஒன்றியக் கவுன்சிலர். பள்ளி விடுமுறை என்றால் என்னையும் அழைத்துக்கொண்டு போவாள். கூட்ட அறையின் கடைசி நாற்காலியில் நூலகப் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பேன். பக்கத்து மேசையில் வடைத் தட்டுகளைச் செய்தித்தாளால் மூடி வைத்திருப்பார்கள்.

ஒருவர் தீர்மானத்தின் எண்ணை மட்டும் படிப்பார். எல்லோரும் "ஆல் பாஸ்" என்பார்கள். அடுத்த எண். மறுபடியும் "ஆல் பாஸ்". வடை ஆறுவதற்குள் கூட்டம் முடிந்துவிடும்.

அம்மாவைத் தேர்தலில் நிற்க வைத்தவர் மாமா. அம்மாவின் சொந்த அண்ணன். மானாம்பதி பக்கம் கட்சியின் கிளைச் செயலாளர். வார்டு பெண்களுக்கு என்று ஆனதும், "என் தங்கச்சி கீறா" என்று மேலிடத்தில் பேசி சீட்டு வாங்கிக் கொடுத்தார்.

ஒரு நாள் காலையில் கன்னியம்மா அக்கா வீட்டுக்கு வந்தார். ஏரிக்கரையோரம் இருளர் குடியிருப்பில் இருப்பவர். அம்மாவோடு நாற்று நடப் போவார். அம்மா கொடுத்த டீயைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

"ஏம்மா, எங்களுக்கு வர வேண்டிய தண்ணி பைப்பு புது பிளாட்டு பக்கம் பூட்ச்சாமே. நீயும் ஆல் பாஸ்னு சொன்னியாமே?"

அம்மா அப்படிச் சொன்னது உண்மை. எதற்குச் சொன்னோம் என்பதுதான் அவளுக்கே தெரியாது...

அடுத்த கூட்டத்தில் முதல் எண்ணைப் படிப்பதற்குள் அம்மா எழுந்துவிட்டாள்.

"போன கூட்டத்து பைப்பு தீர்மானத்த ரத்து பண்ணணும்ங்க."

ஒன்றியத் தலைவரும் அதே கட்சிதான். "உக்காரும்மா. அது கட்சி எடுத்த முடிவு."

"நானும் கட்சிதானேங்க. எங்கிட்ட யாரும் கேக்கலயே."

"கேட்டா மட்டும் இன்னா சொல்லிடப் போற? வட ஆறிக்கினு கீது, உக்காரு."

சிலர் சிரித்தார்கள். அம்மா உட்காரவில்லை. முதலில் எதிர்க்கட்சிக்காரர்கள் கை தூக்கினார்கள். பிறகு எங்கள் கட்சியிலேயே சில பெண்களின் கைகள் மெதுவாக எழுந்தன. தீர்மானம் ரத்தானது.

அந்த வாரமே கட்சியின் வாட்ஸ்அப் குரூப்பில் அறிவிப்பு வந்தது. கட்டுப்பாட்டை மீறியதால் அம்மா நீக்கம். கட்சியினர் யாரும் அவருடன் எந்தத் தொடர்பும் வைத்துக்கொள்ளக் கூடாது.

யாரும் என்றால் மாமாவும்தான்.

"கட்சி போனா போவுது," என்றாள் அம்மா அப்பாவிடம். "எங்கண்ணன் இனிமே நம்ம வூட்டுக்கு வராதா?"

மாமா வந்தார். ஆனால் உள்ளே வரவில்லை. வாசலில் வண்டியை அணைக்காமல், வேர்க்கடலைப் பையோடு நின்று என்னைக் கூப்பிட்டார். அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"பாப்பா, மல்லாட்ட கொண்டாந்து கீறன்னு உங்கம்மா கிட்ட சொல்லு."

நான் திரும்பி, மாமா மல்லாட்டை கொண்டுவந்திருக்கிறார் என்று அக்கறையாகச் சொன்னேன்.

"போன தபா குட்த்ததே அப்டியே கீதுன்னு உங்க மாமன் கிட்ட சொல்லு."

அதையும் ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன்.

"கேட்டுச்சி, கேட்டுச்சி. எளச்சிப் பூட்டா மாதிரி கீறாளே, வேளைக்குத் துன்னச் சொல்லு."

இப்படியே பல மாதம். இரண்டு பேரும் என் முகத்தைப் பார்த்தே பேசினார்கள். கட்சியின் உத்தரவை மாமா மீறவேயில்லை என்று நான் நிஜமாகவே நம்பினேன்.

பிறகு தம்பிக்குக் காதுகுத்து வந்தது. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். ஊரே பார்க்கும்... கட்சிக்காரர்களும்தான்.

"ஞாயித்துக்கெயம காதுகுத்து. வேற யாராச்சும் மடி குட்ப்பாங்க, சங்கடப்பட வேணாம்னு உங்க மாமன் கிட்ட சொல்லு," என்றாள் அம்மா. இதைச் சொல்லும்போது மட்டும் அவள் என்னைக்கூடப் பார்க்கவில்லை.

மாமா வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆசாரி ஊசியோடு காத்திருந்தார். "மடி யாரும்மா?" என்று ஒரு தடவை கேட்டுவிட்டு, மறுபடியும் கேட்டார். அம்மாவின் பெரியப்பா மகன் உட்காரப் போனார்.

அப்போதுதான் மாமா வந்தார். கையில் சீர்த்தட்டு. இடுப்பில் கட்சிக்கரை இல்லாத வேட்டி. அப்படி ஒரு வேட்டியில் நான் அவரை அதுவரை பார்த்ததே இல்லை. நேராக வந்து மணையில் உட்கார்ந்து தம்பியை வாங்கிக்கொண்டார். டீக்கடைப் பக்கம் நின்றிருந்த கட்சிக்காரர்கள் இரண்டு பேர் போனைத் தூக்கிப் படம் எடுத்தார்கள்.

தம்பி ஊசியைப் பார்த்ததும் திமிறினான். மாமா நிமிர்ந்து, நேராக அம்மாவைப் பார்த்தார்.

"இன்னாம்மா பாத்துக்கினு நிக்கிற? தலைய கெட்டியா புடி."

அம்மா பிடித்தாள். தம்பியோடு சேர்ந்து அவளும் அழுதாள்.

சாயங்காலமே குரூப்பில் மாமாவும் நீக்கம் என்று வந்தது; பதவியும் போய்விட்டது. அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"உடு. செயலாளரு வேற ஆள போட்டுக்குவாங்க," என்றார் மாமா. "இவனுக்கு வேற மாமன போட முடியுமா?"

இப்போது நான் பிளஸ் டூ. ஏரிக்கரைக்குக் குழாய் வந்துவிட்டது. தேர்தல் வேலைக்கு ஆள் வேண்டுமென்று மாமாவைக் கட்சி திரும்பச் சேர்த்துக்கொண்டது. அம்மாவைக் கூப்பிட்டபோது, மாட்டேன் என்றுவிட்டாள்.

அதனால் எங்கள் வீட்டில் மாமாவுக்கும் அம்மாவுக்கும் தினமும் சண்டை. நேற்று ட்யூஷன் முடிந்து, ஓரிக்கையில் பஸ் நெரிசலில் மாட்டி வீடு வந்தால், தெருமுனை வரை சத்தம் கேட்கிறது.

"உனுக்குத் திமிருடி."

"நீ கொடி புட்ச்சே கெயவனா பூட்ட."

என் வழியாகப் பேசிய நாட்களில் அவர்கள் ஒரு கடுமையான சொல்கூடச் சொன்னதில்லை. நடுவில் நான் நின்றதாலோ என்னவோ, எல்லாம் மெதுவாகவே வரும்... மல்லாட்டை, கீரை, சாப்பிட்டாளா, இளைத்துவிட்டாளா என்று.

பையை வைத்துவிட்டு இருவருக்கும் நடுவில் போய் நின்றேன். "யார்கிட்டயாவது ஏதாவது சொல்லணுமா?"

"நீ போய்ப் படி," என்றார்கள், இரண்டு பேரும் ஒன்றாக.