சொட்டுச் சொட்டாகக் கடைத்தெரு

முசிறியிலிருந்து வாழைத்தார் லாரியின் மேல் உட்கார்ந்து திருச்சிக்கு வந்தவன் நான். மூன்றாம் வகுப்போடு சிலேட்டை வைத்தாயிற்று. அப்படி வந்தவன் மலைக்கோட்டை அடிவாரத்துச் சந்தில் மைக் செட் கடை போட்டேன். கரண்ட் எட்டிப் பார்க்காத ஊர்களில் பேட்டரியை வைத்தே கல்யாணப் பாட்டுப் போட்டேன். ஆம்ப்ளிஃபயருக்குள் இருக்கும் டிரான்ஸ்பார்மர் எரிந்துபோனால் மற்றவர்கள் மதராஸுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருப்பார்கள். நான் அரியமங்கலத்தில் சொந்தப் பட்டறை வைத்து, என் கையாலேயே கம்பி சுற்றினேன். ஸ்ரீரங்கத்தில் ஏகாதசிக் கூட்டத்துக்கு மைக் கட்டும் வேலையைப் பெரிய பெரிய கம்பெனிக்காரர்களிடமிருந்து பிடுங்கினேன். இந்த வரிசையில் கடைசியாக ஒன்று உண்டு. என் மகளின் காது. மற்றதையெல்லாம் ஊர் ஒத்துக்கொள்கிறது. அதை மட்டும் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள்.

விஷயம் தெரிய வந்ததே அந்த ஏகாதசிக் கூட்டத்தில்தான். காணாமல் போன பிள்ளைகளைப் பெற்றவர்களிடம் சேர்த்து வைப்பது என் மைக்தான். அன்றைக்கு என் மகளே காணாமல் போனாள். ஏழு வயது. நானே மைக்கைப் பிடித்து அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன், அடையாளம் சொன்னேன், தொண்டை கட்டும் வரைக்கும் சொன்னேன். வேறு யார் யார் பிள்ளைகளோ வந்தார்கள். இவள் வரவில்லை. கடைசியில் என் மனைவி தேடிப் போய்ப் பார்த்தால், நான் கட்டிய குழாய் ஸ்பீக்கருக்கு நேர் கீழே நின்று பொரி தின்றுகொண்டிருக்கிறாள். பக்கத்தில் போய் மெதுவாக, "வாம்மா, அப்பா தேடறாரு" என்றதும் கூடவே வந்துவிட்டாள்.

"ஏன் பாப்பா வரலை?" என்றேன்.

"நீங்களா கூப்பிட்டீங்க? யாரோ இரையற மாதிரி இருந்துச்சுப்பா."

காது டாக்டர் இரும்புக் கவையைத் தட்டிக் காதோரம் வைத்துப் பார்த்துவிட்டு, காது முதல் தரம் என்றார். முதல் தரமான காது ஏன் அப்பன் குரலைக் கேட்கவில்லை என்று கேட்டேன். பிடிவாதமாக இருக்கும் என்றார். உறவுக்காரர்களும் அதையே சொன்னார்கள். "ஊருக்கெல்லாம் கேக்கற மாதிரி பண்றீங்க, பெத்த பொண்ணுக்குக் கேக்கலையே" என்று என் மனைவி சொன்னதுதான் எனக்கு மிகவும் உறைத்தது. அந்தக் குறைக்கு இப்போது இங்கிலீஷில் நீளமாக ஒரு பெயர் இருக்கிறது. அன்றைக்குப் பெயர் கிடையாது, அடி மட்டும் இருந்தது.

அந்த அடியும் பள்ளிக்கூடத்தில் விழுந்தது. கன்னியாஸ்திரீகள் நடத்திய பெண்கள் பள்ளிக்கூடம் அது. சொல்வதெழுதுதலில் "ஈசல் பறந்தது" என்று சொல்லியிருக்கிறார்கள். ஜன்னலுக்கு வெளியே பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவன் கூவிக்கொண்டு போயிருக்கிறான். இவள் நோட்டில் "ஈயம் பூசறது" என்று அழகான கையெழுத்தில் எழுதி வைத்தாள். கேலி செய்கிறாள் என்று பிரம்பால் அடித்துவிட்டார்கள். தலைமை மதர் என்னைக் கூப்பிட்டு, வருஷக் கடைசியில் சொல்வதெழுதுதல் தேறாவிட்டால் பிள்ளையை அழைத்துப் போய்விடுங்கள் என்றார். செவிட்டுப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கலாம், இல்லையென்றால் வீட்டு வேலை பழக்கலாமாம். படிக்காதவன் வீட்டில் இன்னொரு படிக்காதவளா?

அந்த வருஷம்தான் மதராஸில் காது கேளாத பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்த ஒரு டீச்சர் மகளின் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தார். மாதா கோயில் தெருக் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண். இவளை ஒருநாள் உட்கார வைத்துப் பேசிவிட்டு நேரே என் கடைக்கு வந்தார்.

"பொண்ணு செவிடு இல்லைங்க ஐயா. காது எல்லாத்தையும் உள்ள விடுது. உள்ள போனதைப் பிரிக்கத்தான் தெரியலை. அரிசியும் கல்லும் ஒண்ணாவே போகுது" என்றார்.

அத்தனை நாளில் எனக்குப் புரிகிற மாதிரி பேசிய முதல் ஆள் அவர்தான். இதை நான் மறைக்கவில்லை.

சாயந்திரம் தோறும் எங்கள் வீட்டுக்கு வந்து சொல்லிக் கொடுப்பதாக ஏற்பாடு. சத்தமே இல்லாத அறை வேண்டும் என்றார். கடைத்தெருச் சந்தில் அதற்கு எங்கே போவது? பின்கட்டு அறையின் சுவரெல்லாம் கோணியும் பழைய மெத்தையும் வைத்து நானே அடித்தேன். டீச்சர் விசிறியால் வாயை மறைத்துக்கொண்டு பத்து, பட்டு என்பார். கதை, கடை என்பார். புலி, புளி என்பார். இவள் கேட்டுப் படத்தைத் தொட வேண்டும். முதலில் தடுமாறினாள். கொஞ்சம் மாதங்களில் ஒன்றுகூடத் தப்பாமல் தொட்டாள். ஆனால் வகுப்புக்குப் போனால் மறுபடியும் முட்டை. டீச்சர் இன்னும் அமைதி வேண்டும், இன்னும் மெதுவாகச் சொல்ல வேண்டும் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். பரீட்சையோ கிட்டே வந்துவிட்டது.

எனக்குப் பொறுக்கவில்லை. கிணற்றில் நீந்தப் பழகினவளை ஆடிப்பெருக்குக் காவிரியில் தள்ளினால் என்ன ஆகும்? மதர் அமைதியான அறையிலா பரீட்சை வைக்கப்போகிறார்? அன்றைக்கே வாசல் ஜன்னலில் ஒரு மைக்கைத் தொங்கவிட்டேன். ஒயரை உள்ளே இழுத்துப் பின்கட்டு அறையில் ஒரு சின்ன ஸ்பீக்கரில் சேர்த்தேன். ஆம்ப்ளிஃபயரை என் மடிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

டீச்சர் வந்து பார்த்துவிட்டு முகம் சிவந்தார். "அமைதிக்காக நான் இவ்வளவு பாடுபடறேன். நீங்க கடைத்தெருவையே உள்ள கொண்டாறீங்களே."

"மொத்தமாக் கொண்டார மாட்டேன் டீச்சர். மருந்து மாதிரி சொட்டுச் சொட்டா விடறேன். முடியலைன்னு பாப்பா கை காட்டினா சத்தத் திருகைக் குறைச்சுடறேன்."

அரை மனதாகத்தான் சம்மதித்தார். முதல் நாள் அவர் "படகு" என்று சொல்ல, இவள் வாழைப்பழம் விற்கிறவள் சொன்ன விலையை எழுதினாள். டீச்சரே சிரித்துவிட்டார். நான் திருகைக் கேட்டும் கேட்காத இடத்துக்குக் கொண்டுவந்தேன். அந்தத் திருகை அவ்வளவு நுணுக்கமாகத் திருப்ப இந்த ஊரில் வேறு யார் இருந்தார்கள்? ஒரு வாரம் அதே இடத்தில் வைப்பேன், அடுத்த வாரம் மயிரிழை கூட்டுவேன். இவள் முகம் சுருங்கினால் இறக்குவேன். அவள் முகத்தைப் பார்த்துத்தான் எனக்குக் கணக்கு. ஒருநாள் அவளே எழுதுவதை நிறுத்திவிட்டு, "அப்பா, இன்னும் கொஞ்சம் வைங்க" என்றாள். டீச்சர் என்னைப் பார்த்தார். நான் கூட்டினேன்.

பரீட்சை அன்று பள்ளிக்கூடத்து எதிர் டீக்கடையில் நின்றிருந்தேன். சொல்வதெழுதுதல் நேரம் பார்த்து சினிமா நோட்டீஸ் வண்டி ஒன்று, எனக்குப் போட்டிக்காரனுடையது, கிழிந்த குழாயில் அலறிக்கொண்டு வாசலில் வந்து நின்றது. போய் ஒயரைப் பிடுங்கலாமா என்று இரண்டடி எடுத்து வைத்தேன். ஆனால் இதற்காகத்தானே இத்தனை நாள் பழக்கினோம் என்று டம்ளரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். மகள் தேறினாள். ஒரே ஒரு பிழை, ழகரத்தில். அந்தப் பிழை எனக்கும் வரும்.

பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவுக்கு மைக் செட் என் உபயம். மேடையில் மதர் அந்த டீச்சரின் பொறுமையைப் புகழ்ந்தார், விடாமுயற்சியைப் புகழ்ந்தார், வெள்ளிக் கோப்பை கொடுத்தார். கொடுக்க வேண்டியதுதான். என்னைப் பற்றி, "பெற்றோரும் ஒத்துழைத்தார்கள்" என்று ஒரே வரி. அந்த வரி என் மைக்கில், என் ஆம்ப்ளிஃபயர் வழியாக, என் குழாயில் வந்தது. திருகு என் விரலடியில்தான் இருந்தது. குறைக்கவில்லை. தொழில் தர்மம்.

விழா முடிந்ததும் டீச்சர் கிட்டே வந்து, "மதர் எழுதி வச்சதைத்தான் படிச்சாங்க ஐயா. சத்தத்தைப் பத்தி நான் சொல்லியிருக்கணும்" என்றார்.

"சொல்லியிருந்தாலும் என் மைக்லதானே சொல்லியிருப்பீங்க" என்றேன்.

இன்று அதே பள்ளிக்கூடத்தில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்று தனி அறை இருக்கிறது. பெட்டிக்குள்ளிருந்து இரைச்சல் வருகிறது, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுகிறார்கள். வெளிநாட்டு முறை என்று எனக்கே விளக்கினார்கள். வாசலில் டீச்சர் பெயரைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அதை நான் அழிக்கச் சொல்லவில்லை. அமைதியைக் கொண்டுவந்தவர் அவர். ஆனால் அமைதியில் என் மகள் தேறவில்லை. அந்தக் கல்லில் கீழே இடம் இருக்கிறது, போய்ப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். பள்ளிக்கூடத்தாருக்கு என் பெயரைப் போடக் கூச்சமாக இருந்தால் பெயர் வேண்டாம். "கடைத்தெருவைச் சொட்டுச் சொட்டாக உள்ளே விட்டவர், இங்கே படித்த பிள்ளையின் அப்பா, மைக் செட்டுக்காரர்" என்று வெட்டுங்கள். ஒத்துழைத்தார் என்று மட்டும் போடாதீர்கள்.