"சுமாராத் தெரியும்" என்று சொல்லிக் கெட்ட கதை

நனைந்த கம்பளிக் கோட்டின் வாடை... ஹீட்டர் மேல் காயப்போட்டால் அறை முழுக்க அதுதான். லண்டனில் நானும் ஸ்டெல்லாவும் வாடகைக்கு இருந்த மாடியறை. அவள் பண்ருட்டிப் பெண், நர்ஸ். நான் கடலூர் கான்வென்ட்டில் படித்து, சிதம்பரத்தில் வாழ்க்கைப்பட்டு, முப்பத்து நாலு வயதில் கணவரை இழந்து, அக்கவுண்டன்ஸி படிக்க விமானம் ஏறியவள்.

பரீட்சைகள் முடிந்துவிட்டன. எல்லாப் பேப்பரும் முதல் தடவையிலேயே பாஸ். ஆனால் விசா முடிவதற்குள் வேலை கிடைக்க வேண்டும். இல்லாவிட்டால் சிதம்பரம் திரும்பி, கணவரின் அண்ணனுடைய நெல் மண்டியில் உட்கார வேண்டியதுதான். கிளம்பும்போதே சொல்லியனுப்பினார்.

"போயிட்டு வாம்மா. எப்படியும் திரும்பி வரத்தான் போற. நம்ம மண்டிக் கணக்கப் பாத்துக்கிட்டு ஒரு மூலையில மானமா இருந்துடலாம்."

அந்த மூலை எனக்குத் தெரியும். மூட்டைகளுக்குப் பின்னால், ஜன்னல் இல்லாத இடம்.

இரண்டு இன்டர்வியூ போனேன். இரண்டிலும் வேண்டாம் என்றுவிட்டார்கள். ஏன் என்று விளங்கவில்லை. அன்று சாயங்காலம் ஸ்டெல்லா விசாரித்தாள்.

"என்னக்கா கேட்டாங்க?"

"ஆடிட்டிங் நல்லாத் தெரியுமான்னு கேட்டாங்க."

"நீங்க என்னா சொன்னீங்க?"

"ஏதோ சுமாராத் தெரியும், சொல்லிக் குடுத்தா கத்துக்குவேன்னு சொன்னேன்."

தலையில் அடித்துக்கொண்டாள்.

"பொண்ணு பாக்கவா வந்திருக்காங்க அவுங்க? தலையக் குனிஞ்சிக்கிட்டு, சுமாராப் பாடுவேன்னு சொல்றதுக்கு? வெள்ளக்காரன் அத அப்படியே நம்பிடுவான்க்கா!"

சுருக்கென்றது. நம் பக்கத்தில் நன்றாகத் தெரிந்தவள்தான் 'சுமார்' என்பாள். கேட்பவருக்கும் அது புரியும். தன் வாயால் தன்னைப் புகழ்ந்தால் தலைக்கனம். கான்வென்ட் சிஸ்டர்களும் என் மாமியாரும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்!

மூன்றாவது இன்டர்வியூ. சின்ன ஆடிட் ஆபீஸ். மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தபடி ஒரு கிழவர். அதே கேள்வி.

'சுமார்' நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கினேன்.

"நன்றாகத் தெரியும். உங்கள் ஆட்கள் கவனிக்காமல் விடுவதையும் நான் கண்டுபிடிப்பேன்" என்றேன், நிமிர்ந்து உட்கார்ந்து. என் இங்கிலீஷ் ஓர் இடத்திலும் பிசகவில்லை. காதுகள் மட்டும் சுட்டன.

எப்போது சேர முடியும் என்று கேட்டார்.

"நாளைக்கே."

"திங்கட்கிழமை போதும்" என்று சிரித்தார்.

சிதம்பரத்துக்குப் போன் போட்டேன். கணவரின் அண்ணன் கேட்ட முதல் கேள்வி...

"அப்ப நம்ம மண்டிக் கணக்க யாரு பாக்கறது?"

"சம்பளம் குடுத்து ஒரு ஆளப் போடுங்க, மாமா."



ஓய்வு பெறும் வரை லண்டனில் அந்தக் கிழவரின் ஆபீஸிலேயேதான் வேலை பார்த்தேன். இப்போது கடலூரில், மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன். கீழ் வீட்டுப் பெண் அயர்லாந்தில் அக்கவுண்டன்ஸி படித்து முடிக்கப் போகிறாள். லீவுக்கு வந்தவள், அங்குள்ள கம்பெனிக்கு லேப்டாப்பிலேயே இன்டர்வியூ கொடுக்கிறாள். "ஐ ஆம் வெரி குட் அட் திஸ்"... மாடி வரை கேட்கிறது, ஒரு தயக்கமும் இல்லாமல்.

"என்னா திமிரு பாரு" என்கிறார்கள் என் வயதுக்காரர்கள்.

இருக்கட்டுமே. அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல எனக்கு முப்பத்தெட்டு வயதாயிற்று. அவளுக்கு இருபத்திரண்டு.

கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கிறது.