விக்ரோரியா அக்காவின் பிஜிப் பாடம்

விக்ரோரியா அக்காவுக்கு மன்னிப்புக் கேட்டுப் பழக்கமே இல்லை. டென்மார்க்கில், இக்காஸ்ட் ஊரில் சட்டை தைக்கும் தொழிற்சாலையில் எனக்கு அடுத்த மெசின் அவருடையது. தையலில் பிழை பிடித்தால் நூலைக் குறை சொல்வார். நூல் நல்லதென்றால் வெளிச்சத்தைக் குறை சொல்வார். அப்படிப்பட்ட மனுசி 1985 மாரியில், மன்னிப்புக் கேட்பதற்கென்றே ஒரு மொழி படிக்கத் தொடங்கினார். அதுவும் பிஜி மொழி.

எல்லாம் தம்பி மரியரட்ணத்தால் வந்தது. அவன் பிஜியில் கணக்கு வாத்தியார். கூடப் படிப்பிக்கும் லித்தியா என்ற அவ்வூர்ப் பெண்ணைக் கட்டப்போவதாகவும், நாளும் குறித்தாயிற்று என்றும் எழுதியிருந்தான். அக்கா எழுதிய பதிலை நான் வாசித்தேன். கடதாசி எரியாதது ஆச்சரியம். அந்தப் பெண்ணும் படிக்கட்டும் என்று வேண்டுமென்றே ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். அவள் படித்தாள், தாய்க்கும் வாசித்துக் காட்டினாள். அந்த அக்கா நேரில் வந்து பேசித் தீர்க்கும்வரை கலியாணம் இல்லை என்று தாய் நிறுத்திவிட்டார்.

எட்டு மாதம் வீம்புக்கு இருந்த அக்கா, தம்பி சாப்பிடுவதில்லையாம் என்று கேள்விப்பட்டதும் இளகிவிட்டார். தைமாதம் போவதாக முடிவு.

"மரியரட்ணம் மொழிபெயர்ப்பான்தானே, அக்கா?" என்றேன்.

"என்ரை வாயாலை திட்டினனான். என்ரை வாயாலைதான் கேப்பன். அதுவும் அவவின்ரை பாஷையிலை."

தம்பி ஒரு கசெற்றில் சொற்களைப் பதிந்து அனுப்பினான். வேலை முடிந்து எங்கள் வீட்டில் பாடம். வணக்கத்துக்கு 'புலா' என்று எழுதுவார்கள், ஆனால் முன்னால் மெல்ல ஒரு 'ம்' சேர்த்து 'ம்புலா' என்று சொல்ல வேண்டும். விமானம் இறங்கும் ஊரை 'நாடி' என்று எழுதி 'நந்தி' என்பார்கள்.

"பெந்தெகொஸ்தேக்காரி நீங்கள், நேரே நந்தியிலை போய் இறங்கப் போறியள்," என்று நான் சிரித்தேன்.

"உம்மடை நந்தி எனக்கு வழி விடும். நீர் ரேப்பைப் போடும்," என்றார்.

நாக்கால் பல்லைத் தொட்டும் தொடாமலும் சொல்லும் ஓர் ஒலி அதில் வந்தது. கிட்டத்தட்ட அதே ஒலியை டெனிஸ் வகுப்பில் இரண்டு வருடமாகச் சொல்ல வராமல் ஆசிரியையை அழவைத்தவர் அக்கா. பிஜிக்கென்றதும் இரண்டே நாளில் வந்துவிட்டது. எனக்கு எரிச்சலாக இருந்தது.

தொழிற்சாலை வாசலில் எல்லோருக்கும் 'ம்புலா' சொல்லிப் பழகினார். தெருவில் தெரியாதவர் வணக்கம் சொன்னால் சப்பாத்தைப் பார்க்கும் டெனிஸ்காரிகள், ஒரு கிழமையில் தாங்களும் 'ம்புலா' என்றார்கள். அதைத் தமிழ் என்று நினைத்துவிட்டார்கள். நான் திருத்தவில்லை.

மன்னிப்புக்கு 'நி வொசொத்தி அவு'. முன்னால் 'நி' வைத்தால்தான் மரியாதை. தம்பி திருத்துவதற்காக அதை ஒரு கசெற்றில் பதிந்து அனுப்ப நினைத்தோம். மூன்று தரம் சொன்னார், நன்றாக வந்தது. கசெற்றைப் பாதியில் வெறுமையாக அனுப்புவது எங்களுக்குள் மரியாதை இல்லை. கறி தாளிக்கிற சத்தத்தையாவது பதிந்து நிரப்பித்தான் அனுப்புவோம். அதனால் ரேப்பை ஓடவிட்டுத் தேத்தண்ணி ஊற்றப் போனேன். அக்காவிடம் சொல்ல மறந்துபோனேன்.

அக்கா குசினிக்குள் இருந்த என்னோடு கத்திக் கதைத்தார். "தவமலர், அந்தப் பிள்ளையிலை எனக்கு என்ன கோவம்? தம்பியை அம்மா செத்த நாள் துவக்கம் இடுப்பிலை வைச்சு வளத்தனான். நாள் வைக்க முதல் என்னட்டை ஒரு வார்த்தை கேட்டவங்களே? நான் ஆர், தபால்காரியே?" பிறகு அழுதார். பிறகு தேத்தண்ணியில் சீனி காணாது என்று என்னை ஏசினார்.

அப்படியே அனுப்பிவிட்டேன். அக்கா அழுததும் ஏசியதும் அதில் பதிந்திருக்கும் என்று பத்து நாள் கழித்துத்தான் ஞாபகம் வந்தது. சொன்னபோது அக்கா என்னோடு இரண்டு நாள் கதைக்கவில்லை.

மார்கழியில் பதில் கசெற் வந்தது. போட்டோம். ஒரு பெண் குரல், வயதான, கனத்த குரல், ஆறுதலாகச் சொன்னது: "நி வொசொத்தி அவு."

"லித்தியாவின்ரை தாய்! எனக்குப் படிப்பிக்கிறா!" அக்கா நிமிர்ந்து உட்கார்ந்து, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரித் திருப்பிச் சொன்னார். குரல் மறுபடி சொன்னது. அக்காவும் சொன்னார். மூன்றாம் தரம் அந்தக் குரல் கொஞ்சம் நடுங்கியது. அக்கா அந்த நடுக்கத்தையும் சேர்த்தே சொன்னார். நான் சிரிப்பை அடக்க முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டேன்.

பிறகு தம்பியின் குரல் வந்தது.

"அக்கா, உங்கடை அழுகையை நான் அவவுக்குச் சொல்லிப்போட்டன். பிள்ளையை வளத்தவளைக் கேக்காமல் நாள் வைச்சது தங்கடை பிழையாம். அவ உங்களிட்டை மன்னிப்புக் கேக்கிறா."

அக்காவின் கை என் கையைப் பிடித்தது. எனக்கும் அழுகை வந்தது.

"ஐயோ தவமலர், அந்த மனுசி கேக்கக் கேக்க, நான் உச்சரிப்பு எல்லோ பாத்துக்கொண்டிருந்திட்டன்!"