விட்டத்துக்குக் கீழே ஒரு மரக்கூடு

நான் நான்காம் வகுப்போடு நின்றவன். ஆனாலும் ஜொகூரில் எத்தனையோ ஆலைகளுக்குள் பாய்லர் நுழைத்துக் கொடுத்தவன். என் வழி எளிது. இயந்திரத்தின் நீளம், அகலம், உயரத்துக்கு மரச்சட்டத்தில் ஒரு கூடு அடிப்பேன். என்னை முதலாளி என்ற பொருளில் 'தவுக்கே' என்று கூப்பிடும் என் ஆட்கள் அதைத் தூக்கிக்கொண்டு வழியெல்லாம் நடப்பார்கள். கூடு போனால் இயந்திரமும் போகும். ஒரு முறையும் தப்பியதில்லை.

போன வருடம் பண்டார் தெங்காரா பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலைக்குப் புது பாய்லர் வந்தது. சுவரில் ஒரு கல்லைக்கூடத் தொட வேண்டாம் என்று மேனேஜருக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். மறுநாள் பொறியாளர் பெண் ஒருத்தி மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினாள். திரையில் பாய்லர் நகர்ந்து வந்தது. நடைவழி திரும்பும் இடத்தில், மேலே இருந்த இரும்பு விட்டத்தில் முட்டிச் சிவப்பானது.

"இங்க மாட்டிக்கும் அங்கிள். பக்கச் சுவர உடைச்சாத்தான் உள்ள போவும்."

"அலமாக்! நான் மொத பாய்லர் ஏத்துனப்ப நீ பொறக்கவே இல்லம்மா."

கூட்டை அடித்தேன். நான்கு பேர் தூக்கினார்கள். விட்டத்துக்குக் கீழே சுலபமாகப் போனது. திரும்பத் திரும்ப நடக்கவிட்டேன். நான்கு தடவையும் போனது! அவள் கூட்டை அளந்தாள், சரி. விட்டத்தின் உயரத்தை அளந்தாள், அதுவும் சரி. கண்ணால் பார்த்ததை நம்புவதா, சிவப்பை நம்புவதா? பாய்லர் நடுவில் சிக்கினால் ஆலை நிற்கும், என் பேரும் போகும்.

"ஆளுங்க தூக்க வேணாம். பாய்லர் வர்ற மாதிரியே ரோலர் மேல வச்சுத் தள்ளச் சொல்லுங்க அங்கிள்," என்றாள்.

தள்ளினார்கள். கூட்டின் மேல்சட்டம் விட்டத்தில் இடித்து முறிந்தது.

முன்னால் தூக்கிய ஆளிடம் கேட்டேன். "டேய், இவ்ளோ நேரம் எப்படிடா போச்சு?"

"அந்த எடம் வந்தா முட்டிய மடக்கி எறக்கிப் புடிச்சோம் தவுக்கே. தரைய ஒரசிக்கிட்டுத்தான் போச்சு."

"ஏன்டா சொல்லல?"

"போவும்னு நீங்கதானே சொன்னீங்க? போவ வச்சோம் லா!"

மற்ற மூவரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்படியானால் முன்பு குளுவாங் ஆலையிலும் மூவார் ஆலையிலும் கூடு போனது என் அளவாலா, இவர்கள் முட்டியாலா? ஆனால் அங்கெல்லாம் இயந்திரமும் உள்ளே போயிற்றே! இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

மேனேஜரிடம் போய், "சுவர உடைக்கணும்," என்றேன்.

"நேத்து ஒரு கல்லக்கூடத் தொட வேணாம்னீங்களே, அண்ணே?"

"சொன்னேன். தப்பு."

"சரி, எந்த எடத்துல உடைக்கணும்?"

நான் அந்தப் பெண்ணைத் திரும்பிப் பார்த்தேன்.