செல்வியின் கம்பளி

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் "எனக்கு வேலை கிடக்கு" என்று எழுந்து போய்விடுகிறவள் நான். தேயிலைக் கொழுந்து கிள்ளியே தேய்ந்த உடம்பில் பயப்படக்கூடத் தெம்பு இருக்காது. அதனால் நான் சொல்வதை நீங்கள் நம்பாவிட்டாலும் எனக்கு வருத்தமில்லை.

எழுபதுகளில் நடந்தது. சூரியநெல்லிப் பக்கம் ஒரு எஸ்டேட் லயத்தில், கூலிக்காரர்களுக்குக் கட்டிவிட்ட வரிசை வீடுகளில் ஒன்றில், குடியிருந்தோம். எனக்கும் வீட்டுக்காரருக்கும் வேலை முடிந்துவிட்டது. வேலை போனால் வீடும் போகும், காலி செய்து கொடுத்துவிட்டுப் போடிக்கு இறங்க வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து சேர்ந்த குப்பை. ஓட்டை வாளி, கம்பி மட்டும் மிஞ்சிய குடை, மூடி இல்லாத டின், டின் இல்லாத மூடி. மனுஷர் எதையும் தூக்கிப் போட விடமாட்டார். அதற்குக் காரணம் இருந்தது. எங்கள் மகள் செல்வியை, சில வருஷங்களுக்கு முன்னால் ஆடி மழையில் கொழுந்து வேலை விட்டு வரும்போது, ஓடை அடித்துக்கொண்டு போய்விட்டது. உடம்பு கிடைக்கவில்லை. அதனால் கருமாதி செய்யவும் விடவில்லை, அவள் சாமானைத் தொடவும் விடவில்லை.

"நாம போயிட்டா புள்ள எங்கிட்டு வந்து தேடும்?" என்றார் அன்றைக்கும்.

"இன்னுமா வரப்போறா? பேசாம இருங்க, என்னால முடியல" என்று கத்திவிட்டேன். அவர் வாசலில் போய் உட்கார்ந்துகொண்டார். அவள் பாவாடை, சீப்பு, ரிப்பன் எல்லாவற்றையும் எரிக்கிற குவியலில் நானே போட்டேன். அழுகைகூட வரவில்லை, அவ்வளவு அசதி.

கடைசியாகப் பரண். அடுப்புக்கு நேர் மேலே இருப்பதால் எதைத் தொட்டாலும் கரியும் புழுதியும் கொட்டும். ஒரு பழைய சாக்கை இழுத்தேன், கையில் சில்லென்று ஈரம். அடியில் ஒரு கம்பளி, இப்போதுதான் மழையிலிருந்து வந்து கழற்றிப் போட்டது மாதிரி தண்ணீர் வடிந்தது. எஸ்டேட்டில் கொடுக்கிற கம்பளியெல்லாம் ஒரே மாதிரி இருக்கும், மாறிவிடக் கூடாதென்று வீட்டுக்கு வீடு ஓரத்தில் ஏதாவது அடையாளம் தைத்துக்கொள்வோம். இதில் சிவப்பு நூலில் கோணலாக ஒரு பூ. நான் தைத்தது. செல்வி அன்றைக்கு மழைக்குத் தலையில் கொங்காணியாக மடித்துப் போட்டுக்கொண்டு போன கம்பளி, அவளோடு ஓடையில் போனது. மேலே கிடந்த சாக்கு காய்ந்திருந்தது, வெளியே நல்ல வெயில்.

அவரைக் கூப்பிட்டேன். வந்து தொட்டுப் பார்த்தார்.

"நனைஞ்சுட்டு வந்திருக்கா" என்றார். குவியலில் போட்டதையெல்லாம் திரும்ப எடுத்து மூட்டை கட்டினேன்.

இப்போது போடியில் அந்தக் கம்பளி வீட்டுக்குள் கொடியில் கிடக்கிறது. மொடமொடவென்று காய்ந்துதான் இருக்கும். மேலே மலையில் மழை பிடித்தால் மட்டும், இங்கே ஒரு தூறல் இல்லாதபோதும், சொட்ட ஆரம்பிக்கும். அவர் இருந்தவரை அவர் பிழிந்து போட்டார், இப்போது நான். நேற்றுச் சாயங்காலம் பிழியும்போது மடிப்பிலிருந்து ஒரு கொழுந்து விழுந்தது, அப்போதுதான் கிள்ளிய பச்சை. "உள்ள வாடி, எத்தன நேரந்தான் நனைவ?" என்று கதவைத் திறந்து வைத்துக் கூப்பிட்டேன். விடிகிறவரை சொட்டிக்கொண்டே இருந்தது.