ரோமர் கட்டிய தொட்டிக்குள் மச்சாள்

என் கணவரின் அக்கா, நான் மச்சாள் என்று கூப்பிடுகிறவர், என்னையும் அப்படியே கூப்பிடுகிறவர், என் கண்ணுக்கு முன்னாலேயே நிலத்துக்குள் போனார். வேறு விதமாகச் சொல்ல எனக்கு வரவில்லை. விழுந்தார் என்று சொல்வதானால் எங்கிருந்தாவது விழுந்திருக்க வேண்டும். அவர் சமதரையில், புல்லின் மேல், சிரித்துக்கொண்டு நின்றார்.

நாங்கள் ஒஸ்லோவில், எல்லிங்ஸ்ருட்டில் அடுத்தடுத்த அடுக்குமாடிகளில் இருக்கிறோம். எனக்குப் பாலர் பாடசாலையில் வேலை. அவர் ஸ்டோவ்னரில் முதியோர் இல்லமொன்றில் வேலை செய்கிறார். இருவரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். முழங்கால் நோவுக்கு டொக்டர் அவரைச் சைக்கிள் ஓடச் சொன்னார். தனியே ஓட அலுப்பென்று என்னையும் இழுத்துக்கொண்டார். வீட்டுக்குப் பின்னால் ஓஸ்ட்மார்க்கா காடு. அதற்குள் கார் போகாத, சரளைக்கல் பரப்பிய கிறவல் பாதைகள் ஏரி ஏரியாகச் சுற்றிப் போகும். நாங்கள் பிறந்து வளர்ந்த தீவுப்பகுதியில் கிறவல் றோட்டில் ஓடினது தார் றோட்டு இல்லாததால். இங்கே கிறவலில் ஓடுவதற்கென்றே தடித்த டயர் போட்டுத் தனியாகச் சைக்கிள் விற்கிறார்கள் என்று அறிந்தபோது மச்சாள் கடைக்குள்ளேயே நின்று வயிறு நோகச் சிரித்தார். பிறகு அதையே வாங்கினார்.

இத்தாலிப் பயணமும் அவருடைய யோசனைதான். முன்னொரு முறை தேவாலய ஆட்களோடு ரோமுக்குப் போய், எல்லாவற்றையும் பஸ் கண்ணாடிக்குள்ளால் பார்த்துவிட்டு வந்திருந்தோம். நகரத்துக்கு வெளியே பழைய ரோமர் காலத்து இடிபாடுகளுக்கு நடுவே கிறவல் பாதைகள் போகின்றன என்று போனில் கண்டுபிடித்துக் காட்டினார்.

"இந்த முறை பஸ் வேண்டாம், மச்சாள். சைக்கிளிலை போய்ப் பாப்பம்."

அங்கே ஒரு சிறிய ஊரில் சைக்கிள் வாடகைக்கு எடுத்தோம். இரண்டாம் நாள், புரட்டாதி வெயில். ஒலிவ் தோட்டங்களுக்கிடையே வெள்ளைக் கிறவல் பாதை ஏறி இறங்கிப் போனது. அந்தக் காலத்தில் தண்ணீர் கொண்டுபோன உயரமான வளைவுகள் வயலுக்குள் வரிசையாக நின்றன. அவற்றின் நிழலில் செம்மறிகள் படுத்திருந்தன. வேலியும் இல்லை, டிக்கெற்றும் இல்லை. பாதையோரப் புல்லில் துணி விரித்து, பாணும் ஒஸ்லோவிலிருந்து போத்தலில் கொண்டுபோன சீனிச்சம்பலும் சாப்பிட்டோம். எதிரே அத்திமரம் முளைத்த செங்கல் சுவரொன்று தனியே நின்றது.

"அந்தச் சுவரோடை சைக்கிளைச் சாத்திப்போட்டு நிக்கிறன். ஒரு படம் எடும்," என்று மச்சாள் எழும்பிப் போனார்.

போன் திரையில் மச்சாள், சைக்கிள், சுவர் எல்லாம் இருந்தன. பிறகு சுவர் மட்டும் இருந்தது.

சத்தம் பெரிதாக இல்லை. மணல் மூட்டையை லொறியிலிருந்து இறக்கிப் போட்டதுபோல ஒன்று. அதன்பிறகு தூசி. சைக்கிள் மட்டும், அவர் நின்ற இடத்தில் திறந்திருந்த ஓட்டைக்குக் குறுக்கே சிக்கிக்கொண்டு, அதன் பின்சில்லு மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது.

நான் ஓடவில்லை. போனை நேராகப் பிடித்தபடி, இன்னும் படம் எடுக்கிறவள் போல நின்றேன். மச்சாள் குனிந்து எதையோ பொறுக்குகிறார், இப்போது எழும்புவார் என்று மூளை சொல்லிக்கொண்டே இருந்தது. செம்மறிகள்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

"மச்சாள்!" என்று நிலத்துக்குக் கீழிருந்து குரல் வந்தது. "மச்சாள், நிக்கிறீரே?"

அந்தக் குரல்தான் என்னை அசைத்தது.

"நிக்கிறன்! நீங்கள் எங்கை?"

"கீழை! கால் முறிஞ்சுபோச்சு போல. கிட்ட வராதையும், மண் கொட்டுது!"

கை தானாகவே நோர்வேயின் அம்புலன்ஸ் இலக்கத்தை அடித்தது. 113. இத்தாலியில் அது பொலிஸுக்குப் போகுமென்று பிறகுதான் தெரியும். நல்ல காலம், யாரோ எடுத்தார்கள். நான் முதலில் தமிழில் கத்தினேன், பிறகு நோர்வேஜிய மொழியில். ஆங்கிலம் தெரிந்த ஒரு பெண்ணிடம் அழைப்பை மாற்றினார்கள். என்ன நடந்தது என்று அவர் கேட்டபோது என் வாயில் வந்தது ஒரே வசனம்: நிலம் அவரை விழுங்கிவிட்டது. அந்தப் பெண் பொறுமையாக என்னை வரைபடத்தைத் திறக்கச் செய்து, இடத்தை அனுப்ப வைத்தார்.

கத்தியபடி நான் புல்லில் முன்னும் பின்னும் குதித்திருக்கிறேன். பக்கத்து ஒலிவ் தோட்டத்தில் ட்ராக்டர் ஓட்டிக்கொண்டிருந்த ஒரு தாத்தா வயது மனிதர் அதைக் கேட்டு ஓடி வந்தார். நான் ஓட்டையை நோக்கிப் போவதைக் கண்டதும் "ஃபெர்மா! ஃபெர்மா!" என்று, நில் நில் என்பதாக உறுக்கி, சட்டையில் பிடித்துப் பின்னால் இழுத்து, என்னைக் குப்புறப் படுக்க வைத்தார். பிறகு காய் பறிக்கிற நீள ஏணியைக் கொண்டுவந்து புல்லில் கிடத்தி, அதன்மேல் தவழ்ந்துபோய், சைக்கிளை அப்புறப்படுத்திக் கீழே எட்டிப் பார்த்தார். என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். எனக்கு அழுகை வந்தது.

உதவி வரும்வரை நான் மண்ணில் கன்னத்தை வைத்துப் படுத்தபடி மச்சாளோடு கதைத்தேன்.

"இஞ்சை நல்ல குளிர். பெரிய இடம், மச்சாள். சுவரெல்லாம் வழுவழுப்பாப் பூசியிருக்கிறாங்கள். தண்ணித் தொட்டி போல."

"இரத்தம் ஓடுதோ?"

"இல்லை. கைதான் வீங்குது. ஊரிலை குண்டுக்கு ஒளிச்ச பங்கருக்குள்ளை இருக்கிற மாதிரிக் கிடக்கு. பங்கரைவிட உசரம்."

"ஐயோ, அப்பிடிச் சொல்லாதையுங்கோ."

"ஏன், பங்கர் எங்களுக்கு என்ன கெடுதல் செய்தது? நீர் செபத்தைச் சொல்லும்."

அருள் நிறைந்த மரியே என்று தொடங்கினேன். பேச்சு வந்த நாளிலிருந்து சொல்லிவரும் செபம் எனக்குப் பாதியில் நின்றுபோனது. அடுத்த சொல் வரவில்லை. கீழிருந்து மச்சாள் மீதியைச் சொல்லி முடித்தார்.

தீயணைப்புப் படையினர் வந்து கயிறுகள் கட்டினார்கள், அவர்களில் ஒருவர் கீழே இறங்கினார். மச்சாளை ஸ்ட்ரெச்சரோடு மேலே தூக்கியபோது அவர் தலைமயிர் முழுக்கச் சுண்ணாம்புத் தூசி. திடீரென்று கிழவியாகிவிட்டவர் போல இருந்தார். ஆனால் சிரித்தார். அந்தச் சிரிப்போடு தலையைத் திருப்பி ஓட்டையின் விளிம்பைப் பார்த்தார். அங்கே புல், அதன்கீழ் கொஞ்சம் மண், அதன்கீழ் ஒரு சாண்கூடத் தடிப்பில்லாத பழைய கற்கூரை. அதற்குக் கீழே இருட்டு. அவ்வளவு நேரமும் எனக்குத் தைரியம் சொன்ன மனுசி அதைக் கண்டதும் நடுங்கத் தொடங்கினார்.

"இதிலையே நாங்கள் நிண்டனாங்கள்?" என்றார். "இதிலையே?"

அவரை அம்புலன்ஸில் ஏற்றும்போது, படையினர் ஓட்டையைச் சுற்றிச் சிவப்பும் வெள்ளையுமான நாடா கட்டிக்கொண்டு வந்தார்கள். நாடா சுவரைத் தாண்டி, நான் நின்ற இடத்தைத் தாண்டி, நாங்கள் சாப்பிட்ட இடத்தையும் உள்ளே சேர்த்துக்கொண்டு கிறவல் பாதையின் ஓரம்வரை வந்தது. எங்கள் துணியும் சீனிச்சம்பல் போத்தலும் நாடாவுக்கு உட்பக்கம் கிடந்தன. எடுக்கப் போன என்னை அவர்களின் அதிகாரி ஒருவர் தடுத்தார்.

"அதே தொட்டிதான், அம்மா," என்று ஆங்கிலத்தில் சொன்னார். "இங்கேயும் கீழே வெறுமைதான்."

நான் குதித்தேனே, அங்கே. கிறவலில் அப்படியே குந்தி இருந்துவிட்டேன். மச்சாளைத் தூக்கிய பின் என்னையும் தூக்க வேண்டியிருந்தது.

மச்சாளுக்குக் கணுக்காலும் மணிக்கட்டும் முறிந்திருந்தன. என் கணவர் அடுத்த நாளே விமானம் பிடித்து வந்தார். அக்காவின் கட்டிலருகே நின்று, "நீங்கள் ரெண்டு பேரும் படம் எடுக்கப் போனனீங்களோ, குழி தோண்டப் போனனீங்களோ?" என்று கேட்டார். மச்சாள் சிரித்தார். நான் கணவர்மேல் எரிந்து விழுந்தேன், ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்கும்படி.

ஒஸ்லோ திரும்பியபின் மச்சாளுக்கு அது நல்ல கதையாகிவிட்டது. பூசை முடிந்து தேத்தண்ணி குடிக்கும்போது ஒவ்வொரு ஞாயிறும் அவர் கதையில் தொட்டி கொஞ்சம் பெருத்தது. எனக்கு அப்படி ஆகவில்லை. பாலர் பாடசாலை முற்றத்தில் பிள்ளைகள் கைகோத்துக் குதிப்பதைக் கண்டு ஒருநாள் "நிறுத்துங்கோ!" என்று தமிழில் அலறிவிட்டேன். கூட வேலை செய்யும் நோர்வேஜியப் பெண் என்னை உள்ளே கூட்டிப்போய்க் கோப்பி தந்து, பக்கத்தில் இருந்தாள். புல்லில் கால் வைக்க வேண்டிய இடங்களில் நான் சுற்றுவழியால் போனேன்.

பனி உருகி, கால் தேறியதும் மச்சாள்தான் கதவைத் தட்டினார், தலைக்கவசத்தோடு. ஓஸ்ட்மார்க்காவுக்குள் போனோம். அவர் முன்னால், கொஞ்சம் நொண்டிக் காலோடு மிதித்தார். நான் பாதையின் நட்ட நடுவில் ஓடினேன். ஏரிக்கரையில் அவர் ஒரு பெரிய கல்லில் ஏறி இருந்து சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தார்.

"வந்து இரும். இது முழுக்கப் பாறை, மச்சாள். கீழை தொட்டி ஒண்டுமில்லை."

"தெரியும்," என்றேன்.

அவர் ஒரு ரொட்டியை எடுத்து எட்டி நீட்டினார். நான் சைக்கிளை ஒரு கையால் பிடித்தபடி, கிறவலில் நின்றே சாப்பிட்டேன்.