முன்கண்ணாடி கேட்டு ஒரு விண்ணப்பம்

"பெட்டியில் உதிரி ஏதேனும் குறைந்தாலோ உடைந்திருந்தாலோ, அதன் எண்ணைக் கீழே உள்ள சீட்டில் குறித்து எங்களுக்கு அனுப்புக. மாற்று உதிரி இலவசமாக அனுப்பி வைக்கப்படும்."

என்னிடம் உள்ள ஒரு பொம்மைக் காரின் செய்முறைத் தாளில், கடைசிப் பக்கத்தின் அடியில், ஆங்கிலத்தில் இப்படி ஒரு விதி அச்சாகியிருக்கிறது. காலவரம்பு எதுவும் சொல்லப்படவில்லை. முதலில் வாங்கியவருக்கு மட்டும் என்ற நிபந்தனையும் இல்லை. பணிக்காலம் முழுவதும் கருவூலத்தில் உட்கார்ந்து பில்களுக்கு ஆட்சேபணை எழுதியவன் என்ற முறையில் சொல்கிறேன்: காலவரம்பு இல்லாத விதி காலாவதி ஆவதில்லை. அதை அச்சிட்ட நிறுவனம் காலாவதி ஆகலாம். அது வேறு விஷயம்.

பொம்மைக் கார் என்று எழுதிவிட்டேன். சாவி கொடுத்தால் ஓடுகிற சாமான் அல்ல. நிஜக் காரை இருபத்துநான்கில் ஒரு பங்காகக் குறுக்கி, பிளாஸ்டிக் உதிரிகளாக வார்த்து, சட்டத்தில் கோத்துப் பெட்டியில் போட்டு விற்பார்கள். வாங்குகிறவர் அறுத்து, ராவி, ஒட்டி, சாயம் பூசிக்கொள்ள வேண்டும். என் வயதுக்காரர்கள் ஓய்வு பெற்றதும் கோயில் திருப்பணிக் குழுவில் சேர்ந்து சண்டை போடுகிறார்கள். நான் அறுபது வருடத்துக்கு முந்தைய பெட்டிகளைத் தேடிப் பிடித்து, யாரோ கெடுத்து வைத்த கார்களைச் சீர் செய்கிறேன். இதில் சண்டை போட ஆள் கிடையாது என்று நினைத்திருந்தேன்.

இந்தப் பெட்டி குன்னூரில் கிடைத்தது. காலி செய்த ஒரு பங்களாவின் சாமான்களோடு, உடைந்த கடிகாரத்துக்கும் மானின் தலைக்கும் நடுவில் இருந்தது. உள்ளே ஐம்பதுகளின் ஆங்கிலேயக் கார் ஒன்று. நம் அம்பாசடருக்குப் பெரியப்பா முறை ஆகிறாற்போல ஒரு முகம். எந்தத் துரை வீட்டுப் பிள்ளை செய்ததோ, பசையைக் கூழ் மாதிரி ஊற்றி ஒட்டி, கேட்டுக்கு அடிக்கிற பச்சைப் பெயிண்டை அதன் மேல் பூசியிருந்தது.

பழைய பசையைப் பிரிக்க ஒரு வழி உண்டு. காரை உறைபெட்டியில் ஒரு நாள் வைத்தால் பசை விறைத்து நொறுங்கும். பிறகு விரலால் மெல்ல முறுக்கினால் 'டக்'கென்று விட்டுவிடும். என் மனைவிக்கு இந்த அறிவியலில் ஆர்வமில்லை.

"ஏனுங்க, ஐஸ் பொட்டியில மாவு வெக்க எடமில்ல. நீங்க காரு கொண்டாந்து நிறுத்தியிருக்கீங்க. வாடகை குடுங்க."

"நாளைக்கு எடுத்தர்றேன்."

"ரோட்டுல நோ பார்க்கிங்ல நிறுத்துனா போலீஸ்காரன் தூக்கீட்டுப் போறான். ஊட்டுல யாரு வந்து தூக்கறது?"

பச்சைப் பெயிண்டை பிரேக் ஆயிலில் ஊறவைத்தேன். சுட்ட கத்திரிக்காயின் தோல் போலக் கழன்று வந்தது. அடியில் இருந்த வெள்ளைப் பிளாஸ்டிக் நேற்று வார்த்தது போல் பளிச்சென்றிருந்தது. கதவுகளின் விளிம்பை ராவி, முன்பக்க அலங்காரச் சட்டத்துக்கு மறுபடி பளபளப்பு ஏற்றி, சக்கரங்களை நேராக்கி, நீலம் பூசி முடிக்க ஒரு மழைக்காலம் பிடித்தது. எல்லாம் இருந்தது, பதினேழாம் எண் உதிரியைத் தவிர. அதுதான் முன்கண்ணாடி. அது இல்லாத கார், கண்ணைத் தோண்டி எடுத்த முகம் மாதிரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

ஆகவே விதியின்படி சீட்டைக் கத்தரித்தேன். பழைய செய்முறைத் தாளைக் கத்தரிப்பது சேகரிப்பவர்களுக்குப் பாவம். ஆனால் சீட்டு அனுப்புக என்று விதி சொல்லும்போது நகல் அனுப்புகிறவன் நான் அல்ல. அந்த நிறுவனம் கை மாறிக் கை மாறி, இப்போது யாரிடம் இருக்கிறது என்று கண்டுபிடித்து, அந்த முகவரிக்கு ஒப்புதல் அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்பினேன். பிறகு நினைவூட்டல் ஒன்று அனுப்பினேன். பிறகு, முந்தைய நினைவூட்டலைச் சுட்டி, நினைவூட்டல் இரண்டு.

என் மனைவியின் தம்பி இந்தக் காலத்தில்தான் உள்ளே வந்தான். பனியன் ஏற்றுமதி செய்கிறான். என்னிடம் டியூஷன் படித்தும் தேறாதவன். அவனுடைய காம்பவுண்டுக்குள் என் வீட்டைப் போல நான்கைக் கட்டலாம். இதையெல்லாம் நான் என்றோ செரித்துவிட்டேன். பணம் அவனுக்கு, ரசனை எனக்கு என்று மனதுக்குள் ஒரு பாகப்பிரிவினை செய்து, அதில் நிம்மதியாக இருந்தேன்.

பொங்கல் விருந்துக்கு வந்தவன் என் அலமாரி முன்னால் நின்றுவிட்டான்.

"மாமா, இது சூப்பரா இருக்குதுங்களே! எங்கீங்க கெடைக்குது?"

நான் சும்மா இருந்திருக்கலாம். யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவனுக்கு வாய் நிற்குமா? இலை போட்டுச் சாம்பார் ஆறும் வரை விளக்கினேன்.

அடுத்த சில மாதங்களில் அவன் அலுவலக வரவேற்பறையில் ஒரு கண்ணாடி அலமாரி முளைத்தது. உள்ளே விளக்கு, கீழே வெல்வெட். சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர்கள் வரும்போது தங்கள் பெட்டியில் இந்தக் கார் கிட் ஒன்றிரண்டைப் போட்டுக்கொண்டு வந்துவிடுகிறார்கள். எனக்கு வரும் பார்சல் சுங்கத்தில் படுத்துத் தூங்கி எழுந்து வரும். அவனுக்கு வருவது மதியச் சாப்பாட்டு மேஜையில், சிரிப்போடு கைமாறும்.

அதைக்கூடப் பொறுத்திருப்பேன். அவன் செய்த விதம்தான் பொறுக்கவில்லை. எங்கள் ஊரில் ஒரு பனியன் எத்தனை கைகளைத் தாண்டி வரும் என்று எல்லோருக்கும் தெரியும். நிட்டிங் ஓரிடம், சாயம் ஓரிடம், பிரிண்டிங் ஓரிடம், தையல் ஓரிடம். எல்லாம் ஜாப் ஒர்க். கடைசியில் அட்டைப்பெட்டியில் ஒட்டுகிற பெயர் மட்டும் ஒருவருடையது. அவன் காரையும் அப்படியே செய்தான். உதிரிகளை ஒட்ட, நகை வேலை தெரிந்த ஒருவர். சாயம் அடிக்க, நிஜக் கார்களுக்கு அடிக்கும் பட்டறை. எண் பலகையும் சின்னங்களும் பனியனுக்கு லேபிள் அடிக்கும் இடத்தில். நிறத்துக்குச் சாயப்பட்டறையின் லேப். நான் பழைய விளம்பரப் படத்தைக் கண்ணாடி போட்டுப் பார்த்து, இந்த நீலமாக இருக்கலாம் என்று கலப்பேன். அவன் அசல் காரின் பெயிண்டுச் செதில் ஒன்றை வரவழைத்து, மெஷினில் அளந்து, விளக்குப் பெட்டியில் வைத்து, "ஷேடு ஓகே" என்று எழுதி வாங்கியிருந்தான்.

ஒரு நாள் நான் அங்கே உட்கார்ந்திருந்தபோது நூல் வியாபாரி ஒருவர் வந்தார். அலமாரியைப் பார்த்து வாயைப் பிளந்தார்.

"அண்ணா, எல்லாம் நீங்களே செஞ்சதுங்களா?"

"ஆமாங்க," என்றான் மைத்துனன்.

அந்த 'ஆமாங்க' எனக்கு நெஞ்சில் சுருக்கென்றது. அவர் போனதும் கேட்டேன். "நீ எங்க மாப்ளே செஞ்சே?"

"நாந்தானுங்க மாமா செய்ய வெச்சேன்."

அவன் முகத்தில் கள்ளம் இல்லை. தாஜ்மகாலைப் பற்றிக் கேட்டால் ஷாஜகானும் இதைத்தான் சொல்லியிருப்பார். நான் டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன். வருத்தம் என்னவென்றால், அவனுடைய கார்கள் என்னுடையதைவிட நன்றாக இருந்தன. வீட்டுக்கு வந்து என் நீலத்தைப் பார்த்தேன். சொட்டு நீலம் போட்டு அலசிய வேட்டி மாதிரி இருந்தது.

பிறகு ஒரு நாள் என் மனைவி போனை வைத்துவிட்டு வந்து சொன்னாள். "தம்பி பேசுனான். உங்ககிட்ட இருக்கற அதே காரு, பிரிக்காத பொட்டி, அவனுக்கு வந்துருக்குதாம். கண்ணாடியெல்லாம் இருக்குதாம்."

நான் செய்தித்தாளைத் திருப்பினேன்.

"கேட்டாக் குடுத்துருவான். ஒரு வார்த்த கேளுங்க."

"கம்பெனிக்கு விண்ணப்பம் போட்டிருக்கேன். அது நிலுவையில இருக்கறப்ப இன்னொரு இடத்துல கேக்கக் கூடாது."

"யாரு சொன்னா?"

"முறை."

"அந்த முறையக் கொண்டுபோய் முன்னால ஒட்டுங்க, கண்ணாடிக்குப் பதிலா," என்றாள்.

கேட்டால் கொடுத்துவிடுவான் என்பது எனக்கும் தெரியும். அதுதான் சிக்கல். அவன் மறுப்பான் என்றால் நான் என்றோ கேட்டிருப்பேன்.

கேட்காமலேயே ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெட்டியோடு வந்து நின்றான். அறுபது வருடமாக ஒரு விரலும் படாத பெட்டி அது; கண்ணாடித்தாள் உறைகூட அப்படியே இருந்தது. நான் கையைத் துடைத்துக்கொண்டு வருவதற்குள், பிஸ்கட் பாக்கெட் மாதிரி அதைக் கிழித்துவிட்டான். கிழிந்த உறையைப் பொறுக்கி எடுத்து நீவி மடித்தேன்.

"கண்ணாடிய மட்டும் எடுத்துக்கறனுங்க மாமா. இத வெச்சு ஒரு கவுண்டர் சாம்பிள் போட்டா, உங்களுக்கொண்ணு, எனக்கொண்ணு."

பையர் அனுப்பும் ஆடையைப் பார்த்து அச்சாக இன்னொன்று தைத்துக் காட்டுவதற்குத்தான் இங்கே அந்தப் பெயர். ஜட்டி, பனியன் அடுக்குகிற கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தட்டு செய்யும் யூனிட் ஒன்று அவனுக்குப் பழக்கம். பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கி, அச்சின் மேல் போட்டு, காற்றை உறிஞ்சினால் அதே வடிவம் வந்துவிடும். எனக்கும் அந்த முறை தெரியும்.

"முதல்ல இதுல இருந்து பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்ல அச்சு எடுக்கச் சொல்லு. இதையே நேரா வெச்சறப் போறாங்க. சூடு தாங்காது."

"எல்லாம் பாத்துக்குவாங்க மாமா. தெனமும் செய்யறவங்க."

தினமும் செய்கிறவர்கள் தினமும் செய்வதையே செய்தார்கள். சாம்பிள் என்று வந்தால் அதை நேராக மேஜையில் போட்டு வேலையைத் தொடங்குவதுதான் இந்த ஊரின் கைப்பழக்கம். பதினேழாம் எண் உதிரியை மெஷினில் வைத்து, கொதிக்கும் தகட்டை அதன் மேல் இறக்கிவிட்டார்கள். மறுநாள் மைத்துனன் ஒரு கவரைக் கவிழ்த்தான். எண்ணெயில் போட்ட வடகம் மாதிரி ஏதோ ஒன்று மேஜையில் விழுந்தது.

எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்க வழியில்லாமல் தண்ணீர் குடிக்கிற சாக்கில் உள்ளே போனேன். ஒரு சொம்பு முழுக்கக் குடித்தேன். திரும்பி வந்து, "அப்பவே சொன்னேன் மாப்ளே," என்று துக்கக் குரலில் சொன்னேன்.

"ஆமாங்க மாமா, சொன்னீங்க," என்றவன் வடகத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தான். "போனாப் போகுது. ரெண்டு வண்டியும் காத்தோட்டமா இருக்கட்டுமுங்க."

அந்தக் காரைச் செய்து முடித்து, முன்கண்ணாடி இல்லாமலேயே அலமாரியின் நடுவில் நிறுத்தினான். பக்கத்தில் அந்த வடகத்தையும் வைத்தான். வருகிறவர்கள் எல்லோரும் அதைத்தான் முதலில் கேட்டார்கள். அவன் சொல்லும் கதையைக் கேட்டு, வெள்ளைக்கார பையர் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்ததை நானே பார்த்தேன். ஒரு பொருளை அவ்வளவு சுலபமாக இழக்கிற மனம் எனக்கு வாய்க்கவில்லை. அவனுடைய பங்களாவைப் பார்த்தபோது வராத பொறாமை அன்று வந்தது.

கொஞ்ச நாளில் அவனுக்குப் பொம்மைக் கார் சலித்துவிட்டது. பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தோட்டத்துச் சாளைக் கொட்டகையில் அதே ஆங்கிலேயக் கார், நிஜமானதே, தேங்காய் மட்டைகளுக்கு அடியில் கிடப்பதாகக் கேள்விப்பட்டு வாங்கிவந்தான். அதையும் செய்ய வைத்தான். ஓடவும் வைத்தான். நான் நினைவூட்டல் மூன்றை அனுப்பினேன்.

கணியூர்ப் பக்கம் அமராவதி ஆற்றில் ஆடிப்பெருக்கு கும்பிடுவது என் மனைவி வீட்டார் வழக்கம். இந்த முறை அந்தக் காரில் போவதாக ஏற்பாடு. காலையில் வாசலில் வந்து நின்றது. நீலம். லேபில் அளந்த அதே நீலம். முன்கண்ணாடியில் எங்கள் வீட்டு வேப்பமரம் முழுதாகத் தெரிந்தது.

"ஏறுங்க மாமா, முன்னாடி சீட்டு உங்களுக்குத்தான்."

"முட்டி வலி மாப்ளே. நீங்க போய்ட்டு வாங்க."

"முட்டிக்கு வலி எப்ப வந்துச்சு?" என்றாள் மனைவி.

"இப்பத்தான்."

"அது முட்டியில்லீங்க," என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

மத்தியானம் தபால்காரர் வந்தார். ஒரு சிறிய அட்டைப்பெட்டியும் ஒரு கடிதமும். நான் குறிப்பிட்ட விதி முந்தைய நிறுவனத்தினுடையது, தங்களைக் கட்டுப்படுத்தாது என்று தொடங்கியிருந்தார்கள். ஆயினும் என் கடிதங்களைப் படித்த கிடங்குப் பொறுப்பாளர் தாமாகவே பழைய வார்ப்புகளைத் தேடியதாகவும், ஒரே ஒரு கண்ணாடி கிடைத்ததாகவும், விதியின் பேரில் அல்லாமல் நல்லெண்ணத்தின் பேரில் அதை அனுப்புவதாகவும் எழுதியிருந்தார்கள்.

நல்லெண்ணம்! உரிமையாகக் கேட்டதைச் சலுகையாகக் கொடுத்திருக்கிறார்கள். மைத்துனனுக்குச் சாப்பாட்டு மேஜையில் கிடைப்பதும் இதேதான். இதை ஏற்க இயலாது, விதிப்படி அனுப்பியதாகத் திருத்தி எழுதவும் என்று பதில் வரைய உட்கார்ந்தேன். முதல் வரி முடிவதற்குள் பெட்டியைத் திறந்துவிட்டேன். கண்ணாடி பருத்திப் பஞ்சில் கிடந்தது. ஓரத்தில் வார்ப்புத் தழும்பு. மற்றபடி ஒரு கீறல் இல்லை. பிளாஸ்டிக் பசை கண்ணாடியை மங்கலாக்கும் என்பதால் வெள்ளைப் பசையை ஊசிமுனையில் எடுத்துத் தடவி வைத்தேன். காருக்குப் பார்வை வந்தது.

யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. பதினேழாம் எண் என்றால் என்னவென்று தெரிந்த மனிதர் உலகில் ஒருவர்தான் இருந்தார். போன் செய்தேன். ஆற்றுச் சத்தமும் பிள்ளைகளின் கூச்சலும் கேட்டன.

"வந்துருச்சுங்களா? அக்கா, இங்க வா, மாமாவுக்குக் கண்ணாடி வந்துருச்சு!" என்று கத்தினான். என்னைவிட அவனுக்குச் சந்தோஷம். அதிலும் முந்திக்கொண்டான். "எப்பிடீங்க மாமா வாங்குனீங்க?"

கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

"விதிப்படிதான் மாப்ளே," என்றேன்.

பதில் வரப்பெற்ற நாள்: ஆடி பதினெட்டு.